சலுகை கோட்டையில், கணக்கு ஊராட்சியில்

ஒரு ரூபாய் நிலவரிக்கு 45 காசு. 1958-ஆம் ஆண்டு மெட்ராஸ் ஊராட்சிச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, உள்ளாட்சி மேல்வரிக்கு வைத்திருந்த விகிதம் இது. புஞ்சைக்காரரிடம் கிஸ்தியோடு சேர்த்து இதை வாங்குவதில் யாருக்கும் சட்டச் சந்தேகம் வரவில்லை. 1964-இல் அதே பிரிவுக்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். சுரங்கக் குத்தகைக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியும் நிலவரியாகவே கொள்ளப்படும் என்றது அது. சந்தேகம் அப்போதுதான் வந்தது. நெல்லைப் பக்கம் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் குத்தகை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸ் வழக்குப் போட்டது. 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: ராயல்டியே ஒரு வரி, அதன் தலையில் மாநிலம் இன்னொரு வரியை ஏற்ற முடியாது. அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை, இனிமேல் வாங்கக் கூடாது.

பெரிய வேலைவாய்ப்பு தரும் நிறுவனங்களுக்கு உள்ளாட்சிகள் வரிச் சலுகை கொடுப்பது சரியா என்ற கேள்வியை இந்த 45 காசிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டின் ஊராட்சி அமைப்புகள் ஒரு பெரிய தொழிலிடம் இழந்த வருவாய்களில் இது முக்கியமானது. ஆனால் எந்த ஊராட்சி மன்றமும் கூடி விவாதித்துத் தீர்மானம் போட்டு அதைக் கொடுக்கவில்லை. வழக்கு அரசுக்கும் ஆலைக்கும் இடையே நடந்தது. தீர்ப்பு டெல்லியில் வந்தது. ஊராட்சியின் பதிவேட்டில் ஒரு வரவினம் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

கதை அங்கே முடியவும் இல்லை. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 1989 தீர்ப்பு தவறு என்றது. ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்தின்மீது வரி போட மாநிலத்துக்கு உரிமை உண்டு. 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியைக்கூட 2026 ஏப்ரலில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில் வாங்கலாம் என்று அடுத்த மாதமே விளக்கமும் தந்தது. தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. கனிம நில வரிச் சட்டத்தைக் கொண்டுவந்து 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். இந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. ஊராட்சிச் சட்டத்தின்கீழ் வாங்கியதை நீதிமன்றத் தீர்ப்பால் இழந்தோம். உரிமை திரும்பி வந்தபோது அது வேறு வாசலில் போய் இறங்கியது.

அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அங்கிருந்து கல் போகும் ராம்கோவின் ஆர்.ஆர். நகர் ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து விருதுநகர் மாவட்டத்தின் பெரிய தொழில்களில் ஒன்று. கல் ஏற்றிய லாரி ஓடும் சாலை கரிசல் மண்ணில் கிடக்கிறது. கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும். அதன்மேல் போட்ட தார் ஓரத்திலிருந்து பிளக்கத் தொடங்கும். பிளந்த இடத்தில் பத்துச் சக்கர லாரியின் பின்சக்கரம் ஒருதடவை இறங்கினால் அடுத்த மழைக்குப் பள்ளம் முழங்கால் ஆழம். செம்மண் பூமியில் பத்து ஆண்டு தாங்கும் ஊராட்சிச் சாலை இங்கே அதில் பாதிகூடத் தாங்காது. வளர்ச்சிக் கட்டணம் என்ற ஒன்றை உலகெங்கும் எதற்காகக் கண்டுபிடித்தார்களோ, அந்தக் காரணம் பந்தல்குடிச் சாலையில் கிடக்கிறது. புதிதாக வருகிற தொழில் சாலை, தண்ணீர், சாக்கடை எல்லாவற்றின் மேலும் ஒரு சுமையை ஏற்றுகிறது. அந்தச் சுமைக்கு அது பங்கு கட்ட வேண்டும்.

நம் சட்டத்தில் அந்தக் கட்டணம் இருக்கிறது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு வளர்ச்சிக் கட்டணத்தைச் சொல்கிறது. பின்னாளில் அதே சட்டத்தில் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம் என்று இன்னொன்றும் சேர்ந்தது. பெரிய கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அதுதான் கனமானது. அது மாநில அளவிலான ஒரு நிதியில் சேர்கிறது. அதாவது பள்ளம் ஊரில், பணம் சென்னையில். விகிதத்தை வைப்பதும் குறைப்பதும் அரசாணை. இதில் ஊராட்சி மன்றம் சலுகை கொடுத்தது, கொடுக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் ஊராட்சியின் கையில் என்னதான் இருக்கிறது? 1994 ஊராட்சிச் சட்டப்படி வீட்டு வரி, தொழில் வரி, சில உரிமக் கட்டணங்கள், தண்ணீர்க் கட்டணம். இதிலே தொழிற்சாலையைத் தொடுவது முதல் மூன்று. ஒவ்வொன்றையும் பார்த்தால், தீர்மானம் எதுவும் இல்லாமலேயே சலுகை சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

வீட்டு வரி கட்டடத்தைப் பார்க்கிறது. பரப்பு எவ்வளவு, ஓடா கான்கிரீட்டா, குடியிருப்பா தொழிலா என்பது கணக்கு. கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது என்பது கணக்கில்லை. நகராட்சிகளுக்கான 1920 சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது. வாடகைக்கு விடும் வழக்கமில்லாத கட்டடமென்றால் நிலமதிப்பையும், தேய்மானம் கழித்த கட்டுமான மதிப்பையும் கூட்டி அதில் ஆறு சதவீதம் ஆண்டு மதிப்பு. இயந்திரத்தையும் தளவாடத்தையும் சேர்க்கக் கூடாது. அருப்புக்கோட்டையின் ஒரு நூற்பாலைக்கு இதை வைத்துப் பாருங்கள். முதலீட்டின் பெரும்பகுதி கதிர்களிலும் கார்டிங், காம்பிங் இயந்திரங்களிலும் இருக்கிறது. நகராட்சியால் அளக்க முடிவது கூரையைத்தான். பக்கத்துத் தெருவில் தறி போட்ட நெசவாளி வீட்டில் மொத்தச் சொத்தே அந்தக் கட்டடம்தான். ஆகவே அவர் சொத்து முழுசாக வரிக்குள் வருகிறது, ஆலையின் சொத்தில் ஒரு துண்டு மட்டும் வருகிறது. இதைக் குறைகூறலாகச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு வரி போட்டால் புது இயந்திரம் வாங்கத் தயங்குவார்கள் என்பது நியாயமான வாதம். ஆனால் சலுகை வேண்டும் என்று பேச உட்காரும்போது, ஏற்கெனவே கிடைத்துவிட்ட இந்தச் சலுகையும் மேசையில் இருக்க வேண்டும்.

சொல்லப்போனால் அருப்புக்கோட்டையில் அதிகம் பேருக்கு வேலை கொடுத்து வந்தது எந்த ஒரு கம்பெனியும் அல்ல, நெசவு. அது ஆயிரக்கணக்கான வீடுகளாகச் சிதறிக் கிடப்பதால் யாரும் அதைப் பெரிய வேலைவாய்ப்பாளர் என்று அழைத்து ஒப்பந்தம் போடுவதில்லை. மாநிலம் அதற்கு இலவச மின்சாரம் தருகிறது. கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று 2023-இல் உயர்த்தினார்கள். அது மின்வாரியத்துக்கு அரசு ஈடுகட்டும் மானியம். சலுகை கொடுத்தவரே பணமும் கட்டுகிறார். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி தேவைப்படும்.

இயந்திரத்துக்கு வரியில்லை என்ற விதி உச்சத்துக்குப் போகும் இடம் திருச்சுழிக்குத் தெற்கே இருக்கிறது. கமுதிப் பக்கம் அதானி குழுமத்தின் சூரிய மின்நிலையம் 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரியது என்று பேசப்பட்டது. 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள், 4,550 கோடி ரூபாய். எட்டு மாதத்தில் கட்டி முடிக்க ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். முடிந்தபின் பலகையில் படியும் தூசியைத் துடைப்பதே ரோபோ. இத்தனை பெரிய முதலீட்டில் கூரை போட்ட பகுதி கட்டுப்பாட்டு அறையும் அலுவலகமும் காவலர் அறையும்தான். பலகை கட்டடமா, இயந்திரமா? செல்போன் கோபுர வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வரி விதிப்புக்குக் கோபுரத்தையும் கட்டடமாகக் கொள்ள மாநிலச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. சூரியப் பலகைக்கும் அதேபோல் ஒரு தெளிவைச் சட்டத்தில் எழுதாதவரை, சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டவரின் ஓட்டு வீடு வரிக்குள் வரும், அவர் கரி சுட்ட காட்டில் நிற்கும் பலகை வராது.

இரண்டாவது தொழில் வரி. பெயரைக் கேட்டால் தொழில் நடத்துபவர் கட்டுவதுபோல் இருக்கும். நிறுவனத்துக்கும் ஒரு தொகை உண்டுதான். ஆனால் பெரும்பகுதி தொழிலாளியின் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடித்து நிர்வாகம் கட்டுவது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 1988-இல் 250 ரூபாயிலிருந்து ஏற்றியது, அதற்குப்பின் ஏறவே இல்லை. 500 பேர் வேலை பார்க்கும் ஆலையில் எல்லாரும் உச்சவரம்பைக் கட்டினாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம். இருபது லட்சத்தைத் தாண்டாத வரவு செலவு நடத்தும் ஒரு சிற்றூராட்சிக்கு இது பெரிய காசு. தெருவிளக்குக் கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் குடிநீர் வாரியம் கேட்கும் பாக்கி எல்லாம் இதில்தான் கழியும். கவனியுங்கள்: பெரிய நிறுவனத்தால் ஊராட்சிக்கு வருகிற நம்பகமான பணம் அதன் தொழிலாளர்கள் கட்டுவது. முதலாளி பங்குக்குச் சலுகை பற்றி மாநாடு நடக்கிறது. தொழிலாளி பங்குக்குச் சலுகை என்று யாரும் பேசியதில்லை.

மூன்றாவது, அனுமதியும் உரிமமும். தொழிற்சாலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் ஊராட்சியின் அனுமதி வேண்டும் என்று 1994 சட்டம் சொல்கிறது. ஊராட்சித் தலைவரிடம் கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்து பேசியதற்கு ஒரு காலத்தில் இதுதான் காரணம். 2018 தொழில் எளிதாக்கல் சட்டத்துக்குப் பின் ஒற்றைச் சாளரம், காலக்கெடு. கெடு தாண்டினால் அனுமதி கொடுத்ததாகக் கொள்ளப்படும். லஞ்சத்துக்கு இடம் குறைந்தது நல்லதே. கூடவே, சாலையைப் போட்டுக் கொடுங்கள், ஊருணியைத் தூர்வாருங்கள் என்று ஊர் நியாயமாகக் கேட்க இருந்த ஒரே வாய்ப்பும் போனது.

இதற்கு மேல் கண்ணுக்குப் படாத ஒன்று. பத்திரப்பதிவில் நாம் கட்டும் ஏழு சதவீத முத்திரைத் தீர்வையில் ஐந்துதான் அரசுடையது. இரண்டு சதவீதம் சொத்து மாற்றத்துக்கான கூடுதல் தீர்வை, உள்ளாட்சிகளுக்கென்று வசூலிப்பது. தென்மாவட்டங்களில் தொழில் தொடங்க வருவோருக்கு முத்திரைத் தீர்வை விலக்கு என்று கொள்கை அறிவிக்கும்போது அந்த இரண்டு சதவீதமும் சேர்ந்தே போகக்கூடும். ஏக்கர் மூன்று லட்சம் என்று வைத்து ஆயிரம் ஏக்கர் கைமாறினால் முப்பது கோடி. அதில் இரண்டு சதவீதம் அறுபது லட்சம். விட்டுக்கொடுப்பவர் ஒருவர், இழப்பவர் இன்னொருவர். கைத்தறி மின்சாரத்தில் இருந்த ஈடுகட்டும் ஏற்பாடு இங்கே இல்லை.

மாநிலம் இப்படிச் செய்வதற்கு அரசியலமைப்பில் தடையில்லை. 243எச் பிரிவின்படி ஊராட்சியின் வரி அதிகாரமே சட்டமன்றம் கொடுப்பது. கொடுத்தவர் விலக்கும் அளிக்கலாம். சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005-இன் 50-ஆவது பிரிவு, மாநில வரிகளிலிருந்து விலக்களிக்கச் சட்டம் இயற்றும்படி மாநிலங்களுக்கு வழிகாட்டுகிறது. 243க்யூ பிரிவு இன்னும் ஒருபடி போகிறது: ஒரு நிறுவனமே நகர வசதிகளைச் செய்து கொடுக்கும் பகுதியைத் தொழில் நகரியம் என்று அறிவித்துவிட்டால் அங்கே நகராட்சியே அமைக்க வேண்டாம். டாடாவின் ஜாம்ஷெட்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி இல்லாமலே ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. சாலையும் குடிநீரும் அங்கே நன்றாகத்தான் இருக்கின்றன. குறை சொல்ல நினைப்பவருக்கு ஓட்டுப் போட இடமில்லை.

ஆந்திரமும் தெலங்கானாவும் வேறு வழி கண்டன. தொழிற்பேட்டைக்குள் சொத்து வரியைத் தொழில் உட்கட்டமைப்புக் கழகத்தின் கீழுள்ள ஓர் அமைப்பே வசூலிக்கிறது. 65 சதவீதத்தை அங்கேயே செலவழிக்கிறது, 35 சதவீதத்தை அந்த ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுக்கிறது. கொடுப்பதில் தாமதம், பாக்கி என்ற புகார்கள் இருக்கலாம். எண் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது என்பதே பெரிய வித்தியாசம். குஜராத் தொழிற்பேட்டைகளை அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியாக்கி ஊராட்சியிலிருந்தே பிரித்தெடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சிப்காட் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது, ஊராட்சி வரியும் கேட்கிறது. இரண்டு இடத்தில் ஏன் கட்ட வேண்டும் என்பது நிறுவனங்களின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. பேட்டைக்குள் விளக்குப் போடுவது சிப்காட். பேட்டைக்கு வெளியே வாடகை வீடுகள் முளைத்து, குப்பை மலையாகி, தண்ணீர்க் குழாயில் வரிசை நீளும் ஊர் ஊராட்சியுடையது. அந்தக் கணக்குக்கு யார் பொறுப்பு என்பதற்குத்தான் எங்கும் எழுத்தில் பதில் இல்லை.

வெளிநாட்டில் உள்ளாட்சிகளே நேரடியாகப் பேரம் பேசும். அங்கே நடந்ததிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு, அது வழக்கமாகச் சொல்லப்படும் பாடம் அல்ல. ஸ்ரீபெரும்புதூரால் நமக்குப் பழக்கமான ஃபாக்ஸ்கான், 2017-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. மாநிலம் 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை எழுதிக் கொடுத்தது. ஊர் நிர்வாகம் கடன் வாங்கி நிலம் எடுத்துச் சாலையும் குடிநீர்க் குழாயும் போட்டது. 2021-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது வேலை 1,454 என்றும் சலுகை 8 கோடி டாலர் என்றும் சுருங்கியது. எல்லோரும் சிரித்த கதை. ஆனால் அந்தச் சிற்றூர் தன் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தது: ஆலை வந்தாலும் வராவிட்டாலும், 2023 முதல் அந்த இடத்தின் மதிப்பு 140 கோடி டாலர் என்று கொண்டு நிறுவனம் சொத்து வரி கட்ட வேண்டும். பெரும் சலுகை கொடுத்த மாநிலத்தைவிடப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்த கிராமம் கூர்மையாக இருந்தது.

நம் ஊரில் நோக்கியா 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் கதவை மூடியது. ஃபோர்டு 1990-களில் மறைமலைநகருக்கு வந்து 2022-இல் போனது. இரண்டையும் அழைத்து வர மாநிலம் தாராளமாகவே கொடுத்தது. கொடுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஓரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் இன்று நிற்பதற்கு அந்த ஆரம்பங்களும் காரணம். ஆனால் அந்த ஒப்பந்தங்கள் எதிலும் ஊராட்சி ஒரு தரப்பாகக் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்ததில்லை.

சலுகை தராவிட்டால் கம்பெனி வராதே என்பது கடைசி வாதம். டிமோதி பார்டிக் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சலுகையால்தான் முடிவு மாறியது என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு 2 முதல் 25 வரைதான் என்றார். மீதியுள்ளோர் எப்படியும் வந்திருப்பார்கள். உள்ளாட்சி வரி நம்மிடம் இருக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கும்போது அதன் தள்ளுபடி யாரையும் இழுத்து வராது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஒருவர் வரத் தயங்கினால் காரணம் தண்ணீர். குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணல். நகரத்துக்கே வைகையும் தாமிரபரணியும் குழாயில் வந்தால்தான் குடிக்க நீர். சாயப்பட்டறை நடத்தும் நூல்காரரிடம் கேட்டால் வீட்டு வரி அவருடைய பட்டியலில் பத்தாவது இடத்தில்கூட இராது. சில லட்சம் வரியை விட்டுக்கொடுப்பதால் ஆலைக்கு லாபம் சொற்பம், ஊராட்சிக்கு நட்டம் பெரிது. மாநிலம் தன் பையிலிருந்து மின்கட்டணத்திலோ நிலவிலையிலோ கொடுக்கட்டும்.

அமெரிக்காவின் அரசுக் கணக்கியல் தரக்குழு 2015-இல் 77-ஆம் தரநிலை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தள்ளுபடி செய்த வரி எவ்வளவு என்று உள்ளாட்சிகள் ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். வேறொரு அரசு கொடுத்த தள்ளுபடியால் தன் வருவாய் குறைந்தாலும் எழுத வேண்டும். நம் ஊராட்சிகளில் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டம் போட்ட பட்டியல் உண்டு. கேட்பிலேயே வராத தொகைக்கு அதில் இடமில்லை. நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, அரசாணையால் விட்டுப்போனது இவ்வளவு என்று கிராம சபையில் வாசித்தால் அதற்கு ஒரு பைசா செலவில்லை. வாசித்த தொகையை மாநில நிதி ஆணையம் ஊராட்சிக்குத் தரும் பங்கோடு சேர்த்து ஈடுகட்டச் சொன்னால், சலுகை கொடுக்கும் கை சற்று யோசித்துக் கொடுக்கும். கேட்பதற்கு இந்த வட்டாரத்துக்கு ஆள் பஞ்சமும் கிடையாது. 1977-இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியிலிருந்து. 2021-இல் தொழில்துறைக்கும் 2023-இல் நிதித்துறைக்கும் அமைச்சராகப் பொறுப்பேற்ற தங்கம் தென்னரசு திருச்சுழித் தொகுதிக்காரர்.

வாசிக்க மன்றம் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை இங்கே ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள். சலுகை பற்றிய ஒப்பந்தம் ஒன்று இந்த இடைவெளியில் வந்தால் ஊரின் சார்பில் பதில் சொல்ல வேண்டியவர் அரசு ஊழியர்.

இதெல்லாம் இப்போது எழுதத் தக்க விஷயமாவதற்குக் காரணம் சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில் வரும் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா. 2023-இல் அறிவித்தது, 1,052 ஏக்கர் சிப்காட் நிலம், ஒரு லட்சம் பேருக்கு வேலை என்ற எதிர்பார்ப்பு. அத்தனை பேரும் சாத்தூர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். இப்போதே நரிக்குடி, திருச்சுழி, ம.ரெட்டியபட்டி ஊர்களிலிருந்து விடியுமுன் மில் வேன்கள் ஆள் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கும் அதற்கு அப்பாலும் போகின்றன. அந்தப் பெண்களின் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரி ஆலை இருக்கும் உள்ளாட்சிக்குப் போகிறது. அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கும், வேன் வந்து நிற்கும் முக்கின் தெருவிளக்குக்கும் செலவு செய்யும் ஊராட்சிக்கு அதில் எதுவும் இல்லை. ஆள் அனுப்பும் ஊர்களுக்கு அந்த வரியில் பாதியைப் பிரித்துக் கொடுப்பது கடினமல்ல. யார் எந்த ஊர் என்பது நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலிலும் வருங்கால வைப்புநிதிப் பதிவிலும் முகவரியோடு இருக்கிறது. புது வரி எதுவும் போட வேண்டாம், நிறுவனத்திடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க வேண்டாம். தொழில் வரி விதிகளில் ஒரு திருத்தம் போதும், அதைப் பூங்காவில் முதல் ஆலை ஓடுமுன் செய்துவிடலாம்.